ஏழாம் தாளின் இரண்டு கிலோ

3 ஜூன் 2008, செவ்வாய்

காலையிலிருந்து மழை. நாலு நாளாகத் துணி காயவில்லை. பாப்பாவின் சட்டைகளை மட்டும் அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டேன். எல்லாம் புகை வாசனை. இருமல் வந்துவிடுமோ என்று பயம். நெற்றியை எத்தனை தடவை தொட்டுப் பார்த்திருப்பேன் என்று தெரியாது. சூடு இல்லை.

ஸ்டோரை மூடுவது உறுதியாம். இவர் கொழுந்து அரைக்கிற மெஷின் பார்க்கிற தேயிலை ஸ்டோர். ஆகஸ்டிலிருந்து கொழுந்தெல்லாம் லொறியில் கீழ்த் தோட்டத்துக்கு. அங்கே மெஷினுக்கு ஆள் இருக்கிறதாம். இவர்தான் வந்து சொன்னார். சாப்பிட்டார், பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் இஸ்தோப்பில் நடந்தார். பாஸ்போர்ட் போன மாதமே கட்டார் ஏஜென்சிக்காரனிடம் கொடுத்தாயிற்று. கையெழுத்து மட்டும் மிச்சம்.

"உன் பேப்பர் ஓடுச்சுன்னா நான் போகல மஞ்சு. ஜூலை முதல் வாரம் வரைக்கும் பாப்போம்" என்றார்.

அவ்வளவுதான். என் பத்து மாதிரி வினாத்தாள்தான் இப்போது இவரை இங்கே பிடித்து வைக்க வேண்டும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைப் பிள்ளைகளுக்கு எழுதியது. ஆறு முடிந்தது, நாலு பாக்கி. கடைப் புத்தகங்களில் எங்கள் பிள்ளைகள் கண்டிராத கடற்கரை, தென்னந்தோப்பு. என் தாளில் மலை, தண்ணீர் கொட்டுகிற பீலி, கொழுந்து லொறி. தொண்டராசிரியையாக இருந்தபோது கரும்பலகையில் எழுதிப் போட்டவை. பாப்பா பிறந்ததும் பள்ளிக்கூடம் போவது நின்றது. தாள்கள் நிற்கவில்லை, வீட்டுக் கொம்பியூட்டரில் அடிக்கிறேன்.

தம்பி கொழும்பிலிருந்து ஒரு இணையத் தளம் கட்டிக் கொடுத்துவிட்டான். ஆனால் தளம் இருந்தால் போதாதாம். ஊர் ஊருக்கு இணைப்பாளர் வேண்டும். அவர்கள் தங்கள் தளத்தில் என் தாளைக் காட்டி, வாங்க ஆள் அனுப்புவார்கள். யார் வழியாக வந்தது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு எண். அதன்படி அவர்களுக்கு ஒரு பங்கு.

கேட்க நன்றாக இருக்கிறது. யாரை நம்புவது?

6 ஜூன், வெள்ளி

மழை விட்டு விட்டு. மண்ணெண்ணெய் வாங்க வேண்டும். பாப்பாவுக்குத் தடுப்பூசி 10ஆம் தேதி (மறக்காதே).

ஆள் பார்க்கிற விதம். தம்பி போனில் சொன்னது:
தளம் எத்தனை நாளாக இருக்கிறது.
போன் அடித்தால் மனுசர் பேசுகிறாரா.
மற்றவர் எழுதியதை அவரவர் பெயரோடு போட்டிருக்கிறாரா.
எல்லாத் தாளையும் முதலிலேயே கேட்டால் வேண்டாம்.
பூட்டாத, அப்படியே பிரதி எடுக்கக்கூடிய ஃபைல் கேட்டால் ஓடு.

இதன்படி இரண்டு பேர் கழிந்தார்கள். ஒருவர் தளத்தில் நாலு பேர் எழுதிய கட்டுரை, எதிலும் பெயர் இல்லை. இன்னொருவர், "தங்கச்சி, எல்லாத்தையும் அனுப்பிடுங்க, நான் பார்த்துக்கிறேன்" என்று மூன்று தடவை. பார்த்துக்கொள்வார்!

மிச்சம்: ஹட்டனில் போன், போட்டோகொப்பி எல்லாம் இருக்கிற ஒரு கொம்யூனிகேஷன் கடை. நுவரெலியாவில் சிவநேசன் சேர் என்று ஒருவர், புத்தகக் கடையும் தளமும் இருக்கிறதாம், இன்னும் நேரில் பார்க்கவில்லை. அப்புறம் கோகிலா.

கோகிலாவுக்கு இந்தப் பட்டியல் எதையும் பார்க்கவில்லை. அவளுக்குப் பார்ப்பதா! கல்லூரியில் ஒரே கட்டிலில் தலைமாடு கால்மாடாகப் படுத்தவர்கள். பாப்பாவுக்குக் காது குத்தியபோது தம்பிக்கு வழியில் சோதனைச் சாவடியில் தாமதம், நேரம் போகிறது என்று பூசாரி அவசரப்படுத்த, மாமன் மடிக்குப் பதிலாக அவள் மடியில்தான் பிள்ளையை வைத்தோம். பாப்பா கத்தினதைவிட அவள் அழுததுதான் அதிகம். இப்போது ஹட்டனில் ஒரு டியூஷன் நிலையத்தில் ஐந்தாம் ஆண்டு எடுக்கிறாள். அந்த நிலையத்துத் தளத்தில் அவளுக்கென்று ஒரு பக்கம். பூட்டிய ஃபைல் அங்கே பிரின்டரில் வரமாட்டேன் என்கிறதாம். பூட்டாததையே கொடுத்தேன்.

11 ஜூன், புதன்

நுவரெலியா போய் வந்தேன். இரண்டு பஸ். பாப்பாவை இவர் அம்மா, மாமியிடம் விட்டு. தடுப்பூசி போட்ட கால் வீக்கம், மனசு முழுக்க அங்கேதான்.

சிவநேசன் சேர். யாழ்ப்பாணத்துக்காரர். கல்விக் கந்தோரில் இருந்து ஓய்வு. மார்க்கெட்டுக்குப் பின்னால் சின்னக் கடை, கழுத்து வரை மஃப்ளர். முதல் தாளை என் முன்னாலேயே பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதும் வாசித்தார். முக்கால் மணி நேரம். நான் நாற்காலி நுனியில்.

"இந்தப் பீலிக் கணக்கு நல்லாயிருக்கு பிள்ளை. ஆர் உமக்குச் சொல்லித் தந்தது?"

"யாரும் இல்ல சேர். எங்க வீட்டு முன்னாலதான் பீலி."

"அப்ப உம்மட பேர் ஏன் இவ்வளவு சின்னனா அடியில கிடக்கு? பெருசாப் போடும். நாளைக்கு ஆரும் தங்கடையெண்டு சொன்னால் என்ன செய்வீர்?"

வெட்கமாக இருந்தது. கொஞ்சம் எரிச்சலும். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு வந்த எல்லா யாழ்ப்பாணத்துப் பெரிய சேர்களும் தோட்டத்துப் பிள்ளைகளிடம் இப்படித்தான் பேசினார்கள், மேலேயிருந்து. பூட்டிய ஃபைலே போதும் என்றார். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் வைத்துத் தந்தார், ஆருக்கும் பிரதி கொடுக்கமாட்டேன் என்று. நான் கேட்கவே இல்லை.

வீட்டில் மாமி: "கையெழுத்து வைக்கிறவன நம்பாத. நம்ம ஆளுன்னா எதுக்குக் கையெழுத்து?"

கால் வீக்கம் குறைந்திருக்கிறது.

19 ஜூன், வியாழன்

பனி. எதிர் லயத்து வீடுகளே தெரியவில்லை.

மத்தியானம் தம்பி போன். சிக்னலுக்காகப் பாறை மேலே ஏறி நின்று பேசினேன். "அக்கா, ஒக்காந்துக்க" என்றான்.

என் ஆறு தாளும் இன்டர்நெட்டில். இலவசமாக. யாரோ நடத்துகிற ஒரு தளம், முகவரி இல்லை, போன் இல்லை. திரும்ப டைப் பண்ணிப் போட்டிருக்கிறார்கள். அடியில் என் பெயர் இருந்த இடத்தில் "தொகுப்பு: ஆசிரியர் குழு".

டவுனுக்கு ஓடினேன். வீட்டில் இன்டர்நெட் இல்லை, கடையில் கொம்பியூட்டர் திறந்து பார்த்தேன். என் பீலி. என் கொழுந்து லொறி. பாப்பா வயிற்றில் இருக்கும்போது வாந்தி எடுத்து எடுத்து எழுதிய மூன்றாம் தாள். எல்லாம் வேறு எழுத்துருவில், அழகாகக் கட்டம் போட்டு. எனக்கே அது வேறு யாரோ கெட்டிக்காரர் எழுதியது போல இருந்தது. கடைக்காரப் பொடியன் "அக்கா, நேரம் முடிஞ்சிருச்சு" என்கிற வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆசிரியர் குழு. நான் எத்தனை பேர்?

கோகிலாவுக்குப் போன் பண்ணினேன். அழுதேன்.

"அழாதடி. பாப்பாவுக்குப் பால் கட்டிக்கும்" என்றாள். அப்புறம், "யோசிச்சுப் பாரு. கொம்யூனிகேஷன்காரனுக்கு டைப் பண்ணத் தெரியுமா? அந்த நுவரெலியா பெருசுக்குத்தான் வெப்சைட் ஆளு, டைப் ஆளு எல்லாம் இருக்கு. நம்ம ஆளா அது?"

மாமியும் அதையே சொன்னாள். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன் போல. இல்லாவிட்டால் அத்தனை சீக்கிரம் நம்பியிருப்பேனா.

20 ஜூன், வெள்ளி

சேருக்குப் போன் பண்ணினேன். எழுதி வைத்து வாசித்தேன், வார்த்தை மறந்துவிடும் என்று. "உங்களுக்குக் கொடுத்தது வெளியே போயிருச்சு சேர். நீங்க கையெழுத்து வச்சதுக்கு என்ன அர்த்தம்?" அப்புறம் எழுதி வைக்காத ஒன்றையும் சொன்னேன். "எங்க தோட்டத்து ஆளுங்கன்னா இப்படித்தான்னு நெனச்சிட்டீங்களா?"

 கடையில் யாரையோ நிற்கச் சொல்லிவிட்டுப் பேசினார்.

"எனக்குத் தெரியாது பிள்ளை. நான் செய்யேல்லை. உமக்குச் சந்தேகமெண்டால் இனி அனுப்பாதையும். சந்தேகமில்லையெண்டால் அனுப்பும். இரண்டுக்கும் எனக்குக் கோபமில்லை."

கோபப்பட்டிருக்கலாம். கோபப்படாதது கள்ளத்தனம் என்று கோகிலா சொன்னாள்.

27 ஜூன், வெள்ளி

தம்பி அந்தத் தளத்தை வைத்திருக்கிற வெளிநாட்டுக் கம்பெனிக்கு எழுதினான். இது என் அக்காவுடையது, இதோ முதல் பிரதி என்று. ஐந்து நாளில் எடுத்துவிட்டார்கள். ஆறாம் நாள் வேறு பெயரில் வேறு தளம். அதே ஆறு தாள். ஹட்டன் கடையில் இந்த வாரம் ஒருவரும் கேட்கவில்லையாம். எப்படிக் கேட்பார்கள், சும்மா கிடைக்கும்போது.

கொழுந்து பறிக்கப் போன மாமிக்கு இடுப்பு வலி, தைலம் எடுத்துக்கொண்டு அந்தி நிறுவைக்குப் போனேன். பாப்பா இடுப்பில். மேல் டிவிசன் பெண்கள் இரண்டு பேர் அங்கே கைமாற்று ஆளாக வந்திருந்தார்கள். தராசடியில் சண்டை, கூடைக்கும் ஈரத்துக்கும் என்று கழிக்கிற கிலோவுக்கு.

"எங்க மலையில மூணு கிலோதான் கழிப்பாங்க. இங்க என்ன ரெண்டு?"

"கம்மியாக் கழிச்சா நல்லதுதானே, வாய மூடு!" என்று மாமி.

"நல்லதுதான் பெரியம்மா. ஆனா எங்க கணக்கப்பிள்ளை நிறுவைத் துண்டப் பாத்தா, இது கீழ் மலையில நிறுத்ததுன்னு கண்டுபுடிச்சிருவாரு. கழிச்ச கிலோவப் பாத்தே எந்த மலைன்னு சொல்லுவாரு அந்த மனுசன்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பாப்பா என் தாலியை இழுத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தது. எனக்கு ஒரே யோசனை.

ஏழாம் தாள், 23ஆம் கேள்வி. மல்லிகா காலையில் 9 கிலோ, மத்தியானம் 11, அந்தியில் 8 கொழுந்து நிறுக்கிறாள். ஒவ்வொரு நிறுவையிலும் கூடைக்கும் ஈரத்துக்கும் 2 கிலோ கழித்தால் அவள் துண்டில் எத்தனை கிலோ? எங்கள் மலைக் கணக்கு அது. விடை 22.

சேருக்கு அனுப்பும் பிரதியில் 3 கிலோ என்று போட்டேன். விடை 19. ஹட்டன் கடைக்கு 4 கிலோ, விடை 16. கணக்கு எதிலும் பிழை இல்லை, பிள்ளைகளுக்கு நட்டம் இல்லை. வெளியே வந்தால் எந்த மலையில் நிறுத்தது என்று தெரிந்துவிடும்.

கோகிலாவுக்கு முதல் பிரதி அப்படியே. 2 கிலோ.

யாருக்கும் சொல்லாதே என்று தம்பி. அவளிடமும் சொல்லவில்லை. கல்லூரிக் காலத்திலிருந்து அவளிடம் மறைத்த முதல் விஷயம் இதுதான். ஏதோ திருடியது போல இருந்தது.

2 ஜூலை, புதன்

இவர் மெடிக்கலுக்குக் கொழும்பு போயிருக்கிறார். "போய்ட்டுத்தான் வருவோமே, செலவில்லையே" என்றார். பஸ்ஸில் குண்டு வைக்கிற காலம், பின்சீட்டில் உட்காரச் சொன்னேன், அடையாள அட்டையை மேல்பைக்குள் வைக்கச் சொன்னேன், யாரோடும் பேச வேண்டாம் என்றேன். சிரித்தார். நான் போன் பண்ணியது ஏழு தடவை. ஆறாவதில், "மஞ்சு, ரத்தம் எடுக்குறாங்க, வையி."

ஏழாம் தாள் மூன்று பேருக்கும் போயிற்று.

பாப்பாவுக்கு மேலே ஒரு பல். காரட் வாங்க வேண்டும். அடுப்புக் கயிறு அறுந்துவிட்டது.

எட்டாம் தாள் தொடங்கினேன். ஒரு கேள்வி எழுதுவேன், உடனே அது ஆசிரியர் குழுவுடையது போலத் தோன்றும். அடித்துவிடுவேன்.

5 ஜூலை, சனி

காலையில் வெயில். இரண்டு வாரத்துக்குப் பிறகு. எல்லாப் போர்வையையும் வெளியே போட்டேன்.

பத்து மணிக்குத் தம்பி. "வந்துருச்சுக்கா. ஏழாம் தாள்."

"23ஆம் கேள்விய வாசி."

வாசித்தான். ஒவ்வொரு நிறுவையிலும் இரண்டு கிலோ.

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். இரண்டு. விடை 22.

பாறையிலிருந்து எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. இரண்டு கிலோத் தாள் எங்கள் வீட்டுக் கொம்பியூட்டரில்தான் இருக்கிறது. மனசு அந்த இடத்தோடு நின்றுவிட்டது. இன்னோர் இடமும் உண்டு என்று அதற்குத் தோன்றவே இல்லை. தோன்ற விடவில்லையோ.

நேராக வந்து இவரைக் கேட்டேன். இவரை! போர்வையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க யாருக்காவது என் பேப்பரக் காப்பி பண்ணிக் குடுத்தீங்களா? ஸ்டோர்ல யாராவது கேட்டாங்களா?"

போர்வையை விட்டுவிட்டார். "என்னையவா கேக்குற?"

"இல்லங்க, வீட்டுல இருக்குறதுதான் வெளிய போயிருக்கு. அதான்..."

"உன் கொம்பியூட்டரத் தொடச்சி வைப்பேன் மஞ்சு. அத எப்படித் தெறக்குறதுன்னே எனக்குத் தெரியாது."

உண்மை. மெஷின் பார்க்கிறவர், இந்த மெஷினை மட்டும் தொடமாட்டார், என்னுடையது என்று.

சாப்பிடவில்லை. பாப்பா காலைக் கட்டிக்கொண்டபோது தூக்கினார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. பின்னேரம் ஏஜென்சிக்காரனுக்குப் போன் பண்ணினார். எனக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாக. "சைன் வைக்க திங்கக்கெழம வாரேன். ஆமா, முடிவு பண்ணியாச்சு."

அதற்குப் பிறகுதான், போர்வைகளை மடிக்கும்போது, அது வந்தது. மூன்றாவது இடம் இல்லை. இந்த வீடு. அப்புறம் கோகிலா.

மடித்துக்கொண்டே இருந்தேன். எல்லாவற்றையும் மடித்து முடித்து, மேலே இருந்த ஒன்றைப் பிரித்து மறுபடியும் மடித்தேன்.

7 ஜூலை, திங்கள்

கையெழுத்து வைத்துவிட்டார். 13ஆம் தேதி பயணம். விசா முன்னமே வந்து கிடந்ததாம்.

மன்னிப்புக் கேட்டேன். "விடு. அதுக்காகப் போகல. பேப்பர் ஓடலல்ல" என்றார். அதுவும் உண்மைதான். ஆனால் நான் கேட்ட அந்தக் கேள்வி இல்லாவிட்டால் இன்னும் ஒரு வாரம் யோசித்திருப்பார்.

"யாருன்னு தெரிஞ்சுச்சா?"

"தெரியலங்க."

பொய். கோகிலாவைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். போகிறபோது அதையும் ஏற்றி அனுப்ப வேண்டாம்.

9 ஜூலை, புதன்

நுவரெலியா. பாப்பாவையும் தூக்கிக்கொண்டே போனேன், கம்பளிக்குள் சுற்றி. சேர் கடையைத் திறக்க முன்னமே வாசலில்.

என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தேன். அவரைக் கண்டதும் "நீங்க இல்ல சேர்" என்று மட்டும் சொன்னேன்.

"ஓம் பிள்ளை. எனக்கது முதலே தெரியும்" என்று சிரித்தார். "உள்ள வந்து இரும். குழந்தைக்குக் குளிருது."

மேசை லாச்சியிலிருந்து ஒரு உறை எடுத்தார். என் ஐந்தாம் தாள் பற்றி ஒரு துண்டில் பென்சிலால் குறிப்பு. 14ஆம் கேள்வியில் நான் நிஜமாகவே ஒரு பிழை விட்டிருந்தேன், ஒரு எண் விடுபட்டிருக்கிறது. மே மாதம் முழுக்க எத்தனை தடவை பார்த்தேன், என் கண்ணில் படவில்லை.

"பிள்ளையள் வந்து கேட்டவை. திருத்திக் குடுத்திருக்கலாம். ஆனால் அது உம்மட தாள். உம்மைக் கேக்காமல் நான் ஒரு புள்ளியும் வைக்க ஏலாது. அண்டைக்குப் போனில சொல்லுவம் எண்டுதான் இருந்தனான். நீர் அதுக்குள்ள..."

நான் அதற்குள்ளே.

பாப்பா அவர் மஃப்ளரை இழுத்தது. இழுக்க விட்டார். யார் செய்தது என்று அவர் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், எல்லாவற்றையும், அங்கேயே. தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன். எட்டாம் தாள் எப்போது என்று மட்டும் கேட்டார்.

பஸ் நானு ஓயா வரும் வரைக்கும் கண்ணீர். பக்கத்து சீட் சிங்களப் பெண் பாப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், ஒன்றும் கேட்காமல்.

13 ஜூலை, ஞாயிறு

போய்விட்டார்.

கோர்வையாக எழுத வராது. வந்த மாதிரி.

காலையில் தூறல். வேன் ஒன்பது மணிக்கு என்றார்கள், பத்தாயிற்று. பெட்டியில்: இரண்டு களிசான், பனியன், மிளகாய்த்தூள், தேயிலைத்தூள் (மூடப்போகிற ஸ்டோரினது), பாப்பா போட்டோ. மாமி நெற்றி நிறையத் திருநீறு பூசினாள். பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர் எல்லாம் வாசலில். "அண்ணே, ஒட்டகம் ஒண்ணு அனுப்புங்க" என்று யாரோ. சிரிப்பு.

கோகிலா முதல் பஸ்ஸிலேயே வந்திருந்தாள். வழிக்கு என்று புளிச்சோறு, இவருக்குப் பிடித்த மாசிச் சம்பல். பாப்பா அவளிடம் தாவியது. தடுக்க நினைத்தேன். தடுக்கவில்லை.

குடம் எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனேன். பின்னாலேயே வந்தாள், எனக்குத் தெரியும் வருவாள் என்று.

"கண்ணு ரெண்டும் வீங்கியிருக்குடி. கொஞ்சமாவது தூங்கு."

"கோகி, ஏழாம் தாள் உன்கிட்ட இருந்துதான் போச்சு."

குடம் நிரம்பி வழிந்தது. இரண்டு பேரும் எடுக்கவில்லை.

"யாரு சொன்னா?"

சொன்னேன். மூன்று கிலோ, நாலு கிலோ, இரண்டு கிலோ.

"ஓ. என்னையப் புடிக்க வலை போட்டியா?"

"உனக்குப் போடல. உனக்கு மட்டுந்தான் போடல."

அப்போதுதான் அவள் முகம் செத்துப்போயிற்று. தலையைக் குனிந்துகொண்டு தண்ணீரிடம் பேசுவது போலப் பேசினாள். "டியூசன் மாஸ்டர் கேட்டாரு. குடுக்கலேன்னா அடுத்த வருசம் கிளாஸ் இல்லேன்னாரு. எனக்கும் டீச்சர் அப்பொயின்ட்மென்ட் வரலடி. அந்தக் கிளாஸ் ஒண்ணுதான் எனக்கு. நெட்டுல போட்டு வெளம்பரக் காசு பாப்பாருன்னு சத்தியமா மொதல்ல தெரியாது."

"மொதல் ஆறுக்கு அப்புறம் தெரியும்ல? ஏழாவத ஏன் குடுத்த?"

வழிகிற தண்ணீரில் கையை வைத்துக் கழுவினாள்.

"சேர் மேல பழி போட்டியே."

"நீயுந்தான் போட்ட."

ஆமாம். நானும்தான்.

"சரி, குடுத்தது போகட்டும். என் பேர ஏன் வெட்டுனீங்க?"

"அது... லயத்துப் பிள்ளை எழுதுனதுன்னு தெரிஞ்சா டவுன்ல யாரு மதிப்பான்னு மாஸ்டர் சொன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். அவளும் லயத்தில் பிறந்தவள்தான். அவள் அம்மாவும் என் அம்மாவும் கொழுந்துக் கூடை சுமந்தவர்கள்தான். அவள் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டாள். அங்கே நின்றிருப்பாள், இப்போது நின்ற மாதிரியே.

அடிக்க வேண்டும் போல இருந்தது. அவள் தோளில் சாய்ந்து, பாருடி, இப்படி ஒருத்தி எனக்குச் செய்துவிட்டாள் என்று அவளிடமே சொல்லி அழ வேண்டும் போலவும் இருந்தது. வேறு யாரிடம் சொல்வேன். எப்போதும் அவளிடம்தானே சொல்வேன்.

மேலேயிருந்து இவர் குரல். "ரெண்டு பேருக்கும் அங்க என்ன கதை? வேன் வந்துருச்சு!"

குடத்தை அவள்தான் தூக்கி என் இடுப்பில் வைத்தாள்.

வேனில் ஏறும்போது அவளிடம் சொன்னார். "கோகிலா, இவளப் பாத்துக்கம்மா. எல்லாத்துக்கும் பயப்படுவா."

"சரிண்ணே."

பாப்பா கையாட்டியது. வேனுக்கு இல்லை, எல்லாருக்கும் ஆட்டியது.

அடுத்த பஸ்ஸுக்கு அவளும் போய்விட்டாள். நான் ரோட்டு வரைக்கும் போகவில்லை.

14 ஜூலை, திங்கள்

பாப்பாவுக்குக் காய்ச்சல். 100. அரை மாத்திரை. ஈரத் துணி.

இறங்கிவிட்டதாகக் குறுஞ்செய்தி. "சூடு. அடுப்பு மாதிரி. சாப்பிட்டாச்சு."

16 ஜூலை, புதன்

காய்ச்சல் விட்டது. பனி, ஆனால் மழை இல்லை.

எட்டாம் தாள் முடிந்தது. என் பெயர் மேலே, பெரிதாக. சேருக்கும் ஹட்டன் கடைக்கும் போயிற்று. கோகிலாவின் இணைப்பாளர் எண்ணை எடுத்துவிடச் சொல்லித் தம்பிக்கு எழுதினேன். காரணம் எழுதவில்லை. அவன் கேட்கவும் இல்லை, ஊகித்திருப்பான்.

அவள் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். முக்கால்வாசி லயத்துப் பிள்ளைகள். பரீட்சை ஆகஸ்டில். எட்டாம் தாள் இல்லாமல் உட்காருவார்கள். இதை நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன். முடியவில்லை. சேரிடம் சொல்லி ஏதாவது வழி. ஆனால் அவள் கை வழியாக இல்லை.

இரண்டு நாளாக அவள் போன் அடிக்கிறாள். எடுக்கவில்லை.

பின்னேரம் பாறை மேலே நின்று இவரோடு பேசினேன். பாப்பா இடுப்பில். எட்டுப் பேர் ஒரே அறையாம். மேல் கட்டில் கிடைத்ததாம். காய்ச்சலைச் சொல்லவில்லை.

"கோகிலா வந்துச்சா?"

"வருவா."

"அத அடிக்கடி வரச் சொல்லு. பாப்பாவ அதுக்கிட்ட விட்டுட்டு நீ எழுது. இங்க வந்து படுத்தா, அம்மா இருக்குன்னாலும், ராவெல்லாம் நீங்க ரெண்டு பேரும் தனியா இருக்குற மாதிரியே இருக்கு. அப்புறம் கோகிலா இருக்குல்லன்னு நெனச்சிக்கிட்டுத்தான் தூங்குறேன்."

"ஆமாங்க" என்றேன்.

"பாப்பா நல்லா இருக்காள்ல?"

"நல்லா இருக்கா."

போன் கார்டு முடிந்துவிட்டது.